அப்பாவுக்கு ஹிந்தியில் பதில் சொன்னவள்

டெல்லி கிட்வாய் நகர் குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுப் பேச்சு இப்படித்தான் நடக்கும். அப்பா திருநெல்வேலித் தமிழில் கேட்பார், நான் ஹிந்தியில் பதில் சொல்வேன். "ஏளா, சாப்பிட்டியா?" "ஹாங் அப்பா, கா லியா." அம்மா போன பிறகு வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அப்போதும் இதே கதை. அவர் சொல்வதெல்லாம் எனக்குப் புரியும், வாயைத் திறந்து தமிழ் பேசத்தான் மாட்டேன்.

காரணம் சொன்னால் சிரிப்பீர்கள். சின்ன வயதில் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்தபோது பெரியப்பாவைப் பார்த்து, "நீ வா, சாப்பிடு" என்று கூப்பிட்டுவிட்டேன். பந்தியே விழுந்து விழுந்து சிரித்தது. "டெல்லி மேடம் பேசுதத பாரு!" நாங்கள் கிளம்பும்வரை சொல்லிச் சொல்லிக் காட்டினார்கள். எனக்குத் தமிழ் வராது என்று அன்றைக்கே முடிவுகட்டிவிட்டேன். ரயிலில் அப்பா, "அவிய கெடக்காவ, நீ பேசுளா" என்றார். பேசினேனா? இல்லை. அப்படியொரு பாழாய்ப்போன பிடிவாதம் எனக்கு.

போன குளிர்காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்தது. கூடவே ஹிந்தியும் இங்கிலீஷும் போய்விட்டன. பின்னால் கற்றுக்கொண்ட பாஷைகள் சிலருக்கு இப்படிப் போகும், ஆள் அடையாளமும் குழம்பும் என்றார் டாக்டர். காய்கறி வண்டிக்காரரிடம் கொத்தமல்லிக்காக ஹிந்தியில் மல்லுக்கு நின்ற மனிதர்!

கட்டிலருகே குனிந்து, "அப்பா, பானி பியோகே?" என்றேன். என் முகத்தையே பார்த்தார். பிறகு நர்ஸ் பக்கம் திரும்பி, "இந்தப் பொண்ணு யாரு? எம் பிள்ளயக் கூப்பிடுங்க" என்றார்.

நர்ஸ் மலையாளி, அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னைப் பார்க்காமல் ட்ரிப்ஸைச் சரிசெய்தாள். எனக்குத் தமிழ் வராதாம், வராது! அப்பாவே என்னைத் தேடும்போது இன்னும் என்ன வராது? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்.

"அப்பா, நான்தான் ஒங்க பிள்ள. தண்ணி... தண்ணி வேணுமா?"

அவர் முகம் தெளிந்தது. "வந்திட்டியாளா? இம்புட்டு நேரம் எங்க போயிருந்த?"

இங்கேதானே இருந்தேன், பக்கத்திலேயே இருந்தேன். அவர் கையில் முகத்தை வைத்து அழுதேன்.

அதற்குப் பிறகு அதிக நாள் இல்லை அவர். இருந்தவரை ஓயாமல் பேசினேன். பனிமூட்டம், மெட்ரோ நெரிசல், ஆபீஸ் சண்டை, எல்லாம் தத்தக்கா பித்தக்கா தமிழில். எனக்கு வார்த்தை கிடைக்காத இடத்தில் அவர் எடுத்துக் கொடுப்பார். ஒரு காலையில் அப்படித்தான் ஒரு வார்த்தைக்காக நின்றேன். அவரிடமிருந்து வரவில்லை.

இப்போது சனிக்கிழமைகளில் அதே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். மகன் வீட்டுக்கு, மகள் வீட்டுக்கு என்று டெல்லிக்கு வந்த இடத்தில் நோயில் விழுந்து, பாஷை தெரியாமல் முழிக்கிற நம்மவர்கள் இருக்கிறார்களே, அவர்களோடு நின்று டாக்டரிடம் பேசிக் கொடுக்கிறேன். என் தமிழுக்குச் சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

போன வாரம் ஒரு வயதான அம்மாள் நான் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். "ஏளா, நீ நம்மூர்ப் பிள்ளையா?"

"ஆமா, எங்க அப்பா..." என்று ஆரம்பித்தேன். அந்தக் கேள்வி அப்பா காதிலல்லவா விழுந்திருக்க வேண்டும்.