ரொட்டிக்கடை வாசலில் ஒரு தள்ளுவண்டி

அழுகிற குழந்தையைத் தூக்கியது தப்பா? இன்னும் எனக்குத் தெரியவில்லை.

ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் அலுவலகப் பயிற்சி இல்லாத சனிக்கிழமை. பழைய நகரத்தைத் தனியாகச் சுற்றுகிறேன். ரொட்டிக்கடை வாசலில், தள்ளுவண்டிக்குள் ஒரு குழந்தை வீறிட்டு அழுகிறது. முகத்தில் வெயில். பக்கத்தில் யாருமில்லை. திண்டுக்கல்லில் என் அம்மாவிடம் விட்டுவந்த மகனுக்கும் இதே வயதுதான். தூக்கிவிடுகிறேன்.

“அழுகாத அப்பு, அம்மா இந்தா வந்துருவாக.”

கடைக்குள்ளிருந்து ஓடிவந்த தாய் குழந்தையைப் பிடுங்குகிறாள்.

“யார் நீங்கள்? கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தேன்!” என்று ஆங்கிலத்தில் கத்துகிறாள்.

“மன்னியுங்கள். எனக்கும் ஒரு பையன்...”

“எங்கே?” என்று என் பின்னால் தேடுகிறாள்.

பயிற்சி முடிய இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அடுத்த முறை அழுகை கேட்டால் நிற்கவா, நடக்கவா? பிள்ளை பெற்றவர்கள் சொல்லுங்கள்.