முகத்துக்குப் பதில் ஒரு டிபன் டப்பா

திருப்போரூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே துர்காதேவியின் ஃப்ளெக்ஸ் கடை. ஒட்டினாற்போல் என் ஜெராக்ஸ் கடை. நடுவில் பிளைவுட் தடுப்புதான் என்பதால் பன்னிரண்டு வருஷமாக அங்கே நடக்கிற கூத்தெல்லாம் என் காதில் விழுகிறது. இந்த ஊர்ப் பெரிய மனிதர்களுக்குத் தங்கள் மூஞ்சி மேல் இருக்கிற ஆசை இருக்கிறதே, குமட்டும். காதுகுத்துக்கும் மூஞ்சி, மஞ்சள் நீராட்டுக்கும் மூஞ்சி, எவனாவது செத்தால் அதற்கும் இவர்கள் மூஞ்சி.

துர்காதேவி சிங்கப்பெருமாள் கோயில்காரி. பிளஸ் டூ முடித்து, டி.டி.பி. கற்று, கல்யாணமாகி இங்கே வந்தவள். புருஷனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. கடை முழுக்க இவள் கையில். அவளிடம் ஒரே ஒரு கண்டிப்பு உண்டு: கண்ணீர் அஞ்சலி பேனரில் செத்தவர் முகத்தைவிட அழுகிறவர் முகம் பெரிதாக இருக்கக் கூடாது. அப்படிக் கேட்ட ஒரு பிரமுகரிடம், "உங்க சாவுக்குப் பெருசா போடறேண்ணே" என்றாள். அவர் அப்புறம் இந்தப் பக்கம் வரவேயில்லை.

மே மாதம் எல்லையில் சண்டை மூண்ட நாலு நாளும் ஊரே டீக்கடையில் உட்கார்ந்து போர் நடத்தியது. மனை வியாபாரி தனகோடி, நல்லோர் நட்பு மன்றத்தின் தலைவர், அவசரமாக ஒரு பேனர் அடித்தார். குடை விரித்த அணுகுண்டுப் புகை, மேலே 'ஒரே பட்டன் போதும்!', கீழே பல்லை இளித்துக்கொண்டு முப்பது முகங்கள். அதே பட்டன் எதிரியிடமும் இருக்கிறதே என்று ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை. கடைசி வரிசையில் மூன்றாவது மடையன் நான். போட்டோவை நானேதான் எடுத்துக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் நாலாம் தேதி தனகோடி மறுபடி வந்தார்.

"துர்கா, நாளான்னிக்கு ஹிரோஷிமா நாளும்மா. எம்பது வருசம் ஆவுது. மன்றத்துல மெழுவத்தி ஏத்தறோம். மே மாசம் அடிச்ச டிசைனு கீதுல்ல? தேதிய மாத்து, ஓரமா ஒரு புறாவப் போடு. என் படம் மட்டும் கொஞ்சம் பெருசா."

அதே புகைதான். மேயில் வீரம், ஆகஸ்டில் சோகம். நடுவில் ஒரு புறா பறந்தால் கணக்கு நேராகிவிடுமாம்.

மறுநாள் காலை துர்காதேவி தடுப்பைத் தட்டினாள். "அண்ணே, கொஞ்சம் வாங்களேன்."

கம்ப்யூட்டரில் ஒரு டிபன் டப்பா. நசுங்கி, துருப்பிடித்து, உள்ளே சோறு மொத்தமும் கரி. இன்டர்நெட்டில் புறா தேடப் போன இடத்தில் கிடைத்ததாம்.

"பதிமூணு வயசுப் பையன்ணே. அம்மா கட்டிக் குடுத்த சாப்பாடு. சாப்பிடறதுக்குள்ள குண்டு வியுந்துடுச்சி. ஒடம்பு அடையாளமே தெர்ல. இந்த டப்பாவ வச்சித்தான் அம்மா கண்டுபுடிச்சாங்களாம். அந்த வருசம் முடியறதுக்குள்ள அந்த ஒரு ஊர்லயே ஒன்னே கால் லட்சத்துக்கும் மேல செத்துட்டாங்கண்ணே."

அவள் மகள் ஹரிப்ரியாவுக்கும் பதிமூன்று. அன்று காலைதான் எலுமிச்சை சாதம் வேண்டாம் என்று சண்டை போட்டுவிட்டு, டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டு போயிருந்தது. நூற்றுக்கணக்கான சாவு பேனர் அடித்தும் கலங்காதவள், மவுஸைப் பிடித்தபடியே அழுதாள்.

பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேலையில் உட்கார்ந்தாள். கறுப்புக் கரை போட்ட கண்ணீர் அஞ்சலி. முகம் வரவேண்டிய வட்டத்தில் டப்பா. கீழே 'மறைவு 6.8.1945'. அதற்கும் கீழே, டப்பாவைவிடச் சிறியதாக, தனகோடி.

மாலையில் வந்த தனகோடி ஆடிப்போய்விட்டார்.

"இன்னாமா இது? ஓட்டலு வெளம்பரமா? டப்பாவ எடு. பொகையப் போடு."

"டப்பா இருக்கும்ணே. செத்தது அந்தப் புள்ளதான். வாணாம்னா கேளம்பாக்கத்துல அடிச்சிக்குங்க."

கடைக்கு வரும் வேலையில் பாதி அவருடைய மனை விளம்பரம்தான் என்பது எனக்குத் தெரியும். மறுநாள் விழா, அழைப்பெல்லாம் போய்விட்டது, வேறு கடைக்கு ஓட நேரமில்லை. தனகோடி இன்னொரு தடவை பேனரைப் பார்த்தார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

"அய்யய்யோ, அஞ்சலி பேனர்ல என் மூஞ்சா? எனக்கு ஏழரை நடந்துகினு கீதும்மா! எடு, எடு. மன்றத்துல ஒருத்தன் மூஞ்சியும் வாணாம். இனிமே என் வேலைக்கெல்லாம் வேற கடையப் பாத்துக்கறேன், போ."

ஒரு குழந்தை கரியானதற்கு அசையாத மனுஷன், தன் போட்டோவுக்குக் கீழே 'மறைவு' வந்துவிடுமோ என்று வேர்த்துப்போனார். துர்காதேவி உடனே அவர் முகத்தை அழித்தாள். பன்னிரண்டு வருஷத்தில் மன்றத்து மூஞ்சி ஒன்றுகூட இல்லாமல் அந்தக் கடையிலிருந்து போன மன்றத்து பேனர் அதுதான்.

மறுநாள் மாலை பேருந்து நிலைய வாசலில் அதைக் கட்டினார்கள். தனகோடி மைக்கில் உலக சமாதானம் பேசினார். நம்மிடம் குண்டு இருப்பதால்தான் நாம் நிம்மதியாகத் தூங்குகிறோம் என்றும் அதே மூச்சில் பேசினார். கூட்டம் இரண்டுக்கும் கை தட்டியது.

கோயில் வாசலில் பூ விற்கும் வேண்டா என்ற பெண் கூடையோடு வந்து பேனர் முன்னால் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். "யாரு வூட்டுப் புள்ளம்மா? போட்டோ இல்லாம டப்பாவப் போட்டுகீறீங்க?"

"ஜப்பான்லக்கா. மூஞ்சி மிஞ்சல" என்றாள் துர்காதேவி. குண்டைப் பற்றிச் சொன்னாள்.

வேண்டா ஒரு முழம் கதம்பத்தைக் கிள்ளி பேனர் கம்பில் சுற்றினாள். "பாவம், சாப்புடாமயே பூட்ச்சி" என்றாள். பிறகு கேட்டாள்: "அந்தக் குண்டுங்கள அதுக்கப்புறம் ஒயிச்சிட்டாங்களா?"

"இல்லக்கா. அதவிடப் பெருசு பெருசா, ஆயிரக்கணக்குல கீது. நம்மகிட்டயும் கீது."

வேண்டா மேடைப் பக்கம் திரும்பி, வரிசையாக நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள்.

"அப்ப இன்னாத்துக்கு இவுனுங்க மெழுவத்தி புடிச்சிகினு நிக்கிறானுங்க?"

துர்காதேவி என்னைப் பார்த்தாள். என் கையிலும் ஒன்று எரிந்துகொண்டிருந்தது.