ஸ்டூடிபேக்கரும் ஒரு பனங்கட்டையும்

நாரந்தனையில் இரஞ்சிதம் அக்காவின் வீடு எது என்று கேட்டால் பாதிப்பேருக்குத் தெரியாது. பிளேன் கார் நிற்கிற வீடு என்று கேட்டால் சின்னப்பிள்ளையும் கைகாட்டும். போன புதன்கிழமையோடு அதுவும் முடிந்தது. இனி எதைச் சொல்லி வழி கேட்பார்களோ தெரியாது.

நான் தயாபரன். வேலணையில் கராஜ் வைத்திருந்தவன். பல வருடமாக அந்தக் காரின் வயிற்றுக்குள் கைவிட்டவன் என்பதால் அதன் கதை என் தலையில் விழுந்திருக்கிறது. அக்காவின் கதையைச் சொல்வதென்றால் காரில் இருந்துதான் தொடங்க வேண்டும். காரின் கதையைச் சொன்னால் நான் செய்த ஒரு காரியத்தையும் சொல்ல வேண்டிவரும். பத்தொன்பது வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று, இனி மூடி என்ன காணப்போகிறேன்.

ஸ்டூடிபேக்கர் அமெரிக்காக்காரரின் கார். அதைத் தொடக்கிய சகோதரர்கள் ஐந்து பேர். முதலில் கொல்லுப்பட்டறைதான், வண்டில் செய்து விற்றார்கள். அவர்களின் நாட்டுக்குள்ளேயே சண்டை வந்தது. படைக்கு வண்டில் விற்றுக் கொழுத்தார்கள். சண்டை வந்தால் சாகிறவன் ஒருவன், வண்டில் விற்கிறவன் ஒருவன். அது எந்த நாட்டிலும் ஒன்றுதான். பிறகு வண்டிலை விட்டுக் காருக்கு வந்தார்கள். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, மற்றக் கம்பனிகள் பழைய உருவத்தையே திரும்பத் திரும்ப வார்த்துக்கொண்டிருக்க, இவர்கள் ஒருவரும் காணாத உருவத்தில் கார் விட்டார்கள். ஐம்பதாம் ஆண்டு மொடலுக்கு முன்னால் விமானத்துக்கு இருப்பது போல ஒரு மூக்கு. ஊர்ச்சனம் பிளேன் கார் என்றது அதைப் பார்த்துத்தான். அந்த வருடம் அவர்களை யாரும் பிடிக்க முடியவில்லை.

அப்படி ஒன்றைத்தான் மயில்வாகனம் வாங்கினார். தெற்கே மாத்தறையில் கடை வைத்திருந்த நாரந்தனை ஆள். ஐம்பத்தோராம் ஆண்டு மகன் சரவணமுத்து பிறந்த சந்தோஷத்தில் வாங்கியது. ஐம்பத்தெட்டில் தமிழருக்கெதிரான கலவரத்தோடு கடை எரிந்தது. அந்தக் காருக்குள் ஒன்பது பேர் நெருங்கிக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார்கள். மயில்வாகனத்தின் வியாபாரத்தில் மிஞ்சியது கார் ஒன்றுதான்.

அந்த நேரம் கம்பனிக்கும் சனி பிடித்திருந்தது. பெரிய கம்பனிகள் இரண்டு விலையை இறக்கி அடிபட்டதில் இது நடுவில் நசிந்துபோனது. பக்கார்ட் என்ற இன்னொரு நொந்த கம்பனியோடு சேர்ந்து பார்த்தார்கள். நீந்தத் தெரியாத இரண்டு பேர் கிணற்றுக்குள் கட்டிப்பிடித்தால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. அறுபத்துமூன்று மார்கழியில் அமெரிக்காவில் தொழிற்சாலையை மூடினார்கள். கனடாவில் ஹமில்டன் என்ற ஊரில் இரண்டு வருடத்துக்கு மேல் இழுத்துக்கொண்டு கிடந்து, அறுபத்தாறு பங்குனியில் மூச்சு நின்றது. இங்கே எங்கள் அரசாங்கமும் டொலர் இல்லையென்று இறக்குமதியை நெரித்துக்கொண்டிருந்தது. தாயில்லாப் பிள்ளையாகிவிட்ட காரை மயில்வாகனம் மகனிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடினார்.

சரவணமுத்தர் அதை ஹயருக்கு, வாடகைக்கு ஓட்டினார். கலியாணம், ஆஸ்பத்திரி, நயினாதீவுத் திருவிழாவுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறை மட்டும். சாமான் எதுவும் கிடைக்காது. கார்பரேற்றர் ஒஸ்ரின் காருடையது, பெயரிங் ட்ரக்டருடையது, சீற்றுக்குள் தும்பு. பொருளாதாரத் தடைக் காலத்தில் ஷாம்பூப் போத்தலால் ஒரு சொட்டுப் பெற்றோலைப் பீச்சி எழுப்பிவிட்டு மண்ணெண்ணெயில் ஓட்டினோம். எனக்கு அடங்காதது ஒன்றே ஒன்று, ஹான்ட் பிறேக் கேபிள். மூன்று தரம் எதையெதையோ பொருத்திக் கட்டினேன். மூன்றாம் தரம் அறுந்தபோது கார் தன்பாட்டில் பின்னுக்குப் போய் ஊர்காவற்றுறைச் சந்தையில் ஒரு வெற்றிலைக் கடைக்கு மேல் ஏறியது.

அன்றைக்குத்தான் சரவணமுத்தர் முற்றின பனையில் ஆப்பு மாதிரி ஒரு கட்டை வெட்டினார். காரால் இறங்கினால், சக்கரம் உருளாமல், பின்சில்லுக்குக் கீழே கட்டை. ஏறினால் கட்டை சாரதி சீற்றுக்கு அடியில்.

"உம்மட பிறேக்கை நம்பினா நான் வெத்திலை வித்துத்தான் சீவிக்கவேணும், தயாபரன்" என்றார்.

இரஞ்சிதம் அக்கா அவருடைய மனைவி. கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை. கணவன் வேட்டியை மடித்துக்கட்டிச் சில்லடியில் குனிகிறதைப் பார்த்து, "எனக்குத் தாலி கட்டேக்கையும் இந்த மனிசன் இவ்வளவு கவனமாக் குனியேல்லை" என்று என்னிடம் சொல்லிச் சிரிப்பார். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

இரண்டாயிரத்தாறு மார்கழி. ஒரு கர்ப்பிணிப் பிள்ளையை யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டுச் சரவணமுத்தர் தனியே திரும்பி வந்துகொண்டிருந்தார். பின்னேரம் நாலு மணியிருக்கும், அல்லைப்பிட்டி யாக்கோப்பு மூச்சிரைக்கச் சைக்கிளில் கராஜுக்கு வந்தான். கடற்தொழில் செய்கிறவன்.

"அண்ணை, உங்கட பிளேன் கார் றோட்டுக்கரையில நிக்குது. கதவு திறந்து கிடக்கு. ஆளைக் காணேல்லை."

அக்காவிடம் சொல்ல அவனை நாரந்தனைக்கு அனுப்பிவிட்டு நான் அல்லைப்பிட்டிக்குச் சைக்கிளை மிதித்தேன். கார் றோட்டைவிட்டு இறங்கிக் கடல் பக்கச் சரிவில், முன்சில்லு கொஞ்சம் மணலில் புதைந்தபடி நின்றது. சாவித் துவாரத்தில் திறப்பு தொங்கியது. நியூட்ரலில் கிடந்தது. உள்ளே ஏறிப் பார்த்தபோது கார் மெல்ல அசைந்தது. சில்லுக்குக் கீழே பார்த்தேன், ஒன்றுமில்லை. சீற்றுக்கு அடியில் கையை விட்டேன். கட்டை அங்கேதான் இருந்தது.

எனக்கு அந்த இடத்திலேயே விளங்கிவிட்டது. தன்பாட்டில் இறங்கியிருந்தால் கட்டை வைக்காமல் அந்த மனிதன் இறங்கமாட்டார். குனிய விடவில்லை. இழுத்துத்தான் எடுத்திருக்கிறார்கள். யார் என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தக் காலத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களையும் பிறகு காணவில்லை.

கார் உருண்டு கடலுக்குள் போய்விடும் என்று கட்டையை எடுத்துப் பின்சில்லுக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத் தாழம்பற்றைக்குள் இறங்கித் தேடினேன். ஒரு செருப்புக்கூட இல்லை. திரும்பி வந்தால் அக்கா ஓட்டோவால் இறங்கி நிற்கிறார். திறந்து கிடந்த கதவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை. நேராகப் பின்சில்லடிக்குப் போய்க் குனிந்து பார்த்தார்.

"கட்டை வைச்சிருக்கிறார், தயாபரன்" என்றார். "ஆறுதலா, அவசரமில்லாம இறங்கிக் கட்டை வைச்சிட்டுத்தான் போயிருக்கிறார். திரும்பி வாற எண்ணம் இல்லாட்டி ஆரும் கட்டை வைப்பினமே?"

அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. இரண்டு நாள் போகட்டும், பிறகு சொல்லுவோம் என்று நினைத்தேன். நல்ல மனதோடுதான் நினைத்தேன். நல்ல மனதோடு செய்த முட்டாள்தனத்துக்கு மருந்தே இல்லை.

காரைக் கட்டி இழுத்து வந்து முற்றத்தில் விட்டோம். கட்டையை அக்கா தன் கையால் அதே சில்லுக்குக் கீழே வைத்தார். பிறகு கார் இடத்தைவிட்டு அரங்கவில்லை. சனிக்கிழமைகளில் துடைப்பார். யுத்தம் முடிந்த பிறகு கொழும்பில் நல்ல கேபிள் ஒன்று கிடைத்து, பூட்டித்தரவா என்று கேட்டேன். "வேண்டாம், கட்டை இருக்குத்தானே. அதை வைச்சவர் வந்து எடுக்கட்டும்" என்றார்.

காணாமற்போனவர்களை விசாரிக்க எத்தனையோ ஆணைக்குழு வந்தது. எல்லாவற்றுக்கும் போனார். கணவனின் தனிப்படம் இல்லாதபடியால் காரோடு நின்ற படத்தைக் கொண்டுபோனார். விசாரித்தவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு, இது என்ன கார், எந்த வருடம் என்று கேட்டார்கள். ஒருவர் ஓட்டம் எப்படி என்றும் கேட்டாராம். ஒவ்வொரு இடத்திலும் அக்கா கட்டையைப் பற்றிச் சொன்னார். அவர்களும் எழுதிக்கொண்டார்கள். என் வாய் திறக்காத பொய் இன்றைக்கு எத்தனையோ கோப்புக்குள் மூன்று மொழியில் இருக்கிறது. அக்காவின் நெற்றியில் பொட்டு அப்படியே இருந்தது. திவசம் செய்யவில்லை. செய்யச் சொன்ன சொந்தக்காரரை வாசல் படலைக்கு வெளியில் விட்டார்.

போன வருடம் அக்காவுக்கு நெஞ்சுவருத்தம் வந்தது. காரின் அடித்தட்டும் உப்புக்காற்றில் உக்கி, பிடித்தால் கையோடு வந்தது. கனடாவில் இருக்கிற மகள் கஜாலினி ஒவ்வொரு ஞாயிறும் போனில் அழுதாள். "அம்மா, உங்களுக்கு ஒண்டு நடந்தா அப்பான்ர காரை இரும்புக்காரன்தான் வெட்டிக் கொண்டுபோவான்" என்றாள். அது உண்மை. பழைய இரும்பு எடுக்கிற லொறி மாதத்துக்கு இரண்டு தரம் வீட்டு வாசலில் நின்று ஹோன் அடித்துவிட்டுத்தான் போகும்.

அப்போதுதான் பிரதாபன் வந்தார். கொழும்பில் இருக்கிற தமிழ் ஆள், பழைய கார்களைச் சேர்த்துத் திருத்தி வைக்கிறவர். காரைச் சுற்றிச் சுற்றி வந்து, கோயிலுக்குள் நிற்பது போல நின்றார். வெட்டமாட்டேன், திரும்ப ஓட வைப்பேன் என்றார். கம்பனியின் கதையையும் ஆண்டு, மாதத்தோடு ஒப்புவித்தார்.

"கடைசியா மூடினது கனடாவிலையோ? பிள்ளை இருக்கிற இடத்துக்குக் கிட்டவோ?" என்று அக்கா கேட்டார்.

"ஒரு மணித்தியால ஓட்டம் வரும் அம்மா."

அக்கா காரின் பக்கம் திரும்பினார். "கம்பனிக்கெண்டாலும் ஒரு திகதி இருக்கு" என்றார்.

சிக்கல் அங்கேதான் இருந்தது. கார் சரவணமுத்தரின் பெயரில் இருக்கிறது. அவர் ஒப்பம் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவருடைய மரண சான்றிதழ் வேண்டும். காணாமற்போனதற்குக் கொடுக்கிற பத்திரத்தை வைத்துக் கைமாற்ற ஏலாது என்று பிரதாபனின் லோயர் சொல்லிவிட்டார். கார் உயிரோடு இருக்க வேண்டுமென்றால் மனிதன் கடதாசியில் சாக வேண்டும்.

அக்கா மூன்று மாதம் யோசித்தார். ஒருநாள் காலையில் ஓட்டோவைக் கூப்பிட்டு, என்னையும் ஏற்றிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போனார். வழியில் சொல்லிவிடுவோம் என்று இரண்டு தரம் தொண்டையைச் செருமினேன். "என்ன, சளியே?" என்றார். ஓம் என்றேன்.

அலுவலகத்தில் நிருஜா என்ற பிள்ளை படிவத்தை நிரப்பினாள். மரியாதையான பிள்ளை. அக்காவின் பொட்டைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். இறந்த திகதி என்ற இடத்தில் பேனா நின்றது.

"காணாமப்போன திகதியையே போடுவம் அம்மா."

"அண்டைக்கு அவர் சாகேல்லைப் பிள்ளை. அண்டைக்கு அவர் கட்டை வைச்சிட்டு இறங்கினவர்."

"அப்ப எந்தத் திகதியை எழுதிறது?"

"இண்டையான் திகதியை எழுதும். நான் ஒப்பம் வைக்கிறதாலதானே அவர் சாகிறார்."

நிருஜா பேனாவை மேசையில் வைத்துவிட்டு எழும்பிப் போய்த் தண்ணீர் கொண்டுவந்தாள். நான் பக்கத்துக் கதிரையில் இருந்தேன். அக்கா, அவர் அன்றைக்கே போயிருப்பார், கட்டையை வைத்தது நான் என்று சொன்னால் போதும். அக்காவின் கை கொஞ்சம் லேசாக ஒப்பம் வைத்திருக்கும். நான் சொல்லவில்லை. சொன்னால், அப்படியென்றால் நான் இத்தனை வருடம் எதற்காகக் காத்திருந்தேன் என்று அக்கா கேட்பாரே, அதற்கு நான் என்ன சொல்ல? இதைக் கோழைத்தனம் என்றே எழுதுங்கள்.

கடைசியில் சட்டப்படி இரண்டாயிரத்தாறாம் ஆண்டுத் திகதிதான் போனது. அக்கா ஒப்பம் வைத்தார். எழுத்து வடிவாகத்தான் இருந்தது.

போன புதன்கிழமை பகல் பதினொரு மணிக்குக் கிரேன் லொறி வந்தது. உக்கின கார் என்பதால் உருட்டாமல், அடியில் பட்டி போட்டு அப்படியே மேலே தூக்கினார்கள். பிரதாபன் தன் பிள்ளையைத் தூக்குவது போலப் பதறிக்கொண்டு நின்றார். விமான மூக்கு வேலிக்கு மேலே ஏறியது. தெருவில் நின்ற சனம் போன் பிடித்துப் படம் எடுத்தது. லொறி சந்தி திரும்பும் மட்டும் அக்கா படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அழவில்லை.

முற்றத்தில் கார் நின்ற இடம் மட்டும் கறுத்துப்போய் நீள்சதுரமாகத் தெரிந்தது. அதற்குள் பின்சில்லு நின்ற இடத்தில் கட்டை கிடந்தது. காரை மேலே தூக்கியபடியால் அதை ஒருவரும் எடுக்கவில்லை. ஒன்றையும் தாங்காமல் மண்ணுக்குள் பாதி புதைந்து கிடந்தது.

கால் தடக்கும், எடுத்து ஓரமாக வைப்போம் என்று குனிந்தேன்.

"அதை விடும் தயாபரன்" என்றார் அக்கா படலையில் நின்றபடியே. "காரைத்தான் குடுத்தனான். கட்டையை வைச்ச ஆள் வந்து எடுக்கட்டும்."

என் கை கட்டைக்கு ஒரு சாண் மேலே நின்றது. நான் கையை இழுத்துக்கொண்டு நிமிர்ந்தேன். "சரி அக்கா, வெயிலுக்க நிக்காம உள்ளுக்குப் போங்கோ" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.