யார் கொடுத்த நிறம்

கேபெஸ் நகரத்து வீட்டில் ஏழு நாள் குழந்தைக்கு ஆலிவ் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள் ஹயாத். பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுப்பவள். இது மூன்றாவது பிள்ளை. வழக்கப்படி புருஷன் வீட்டுப் பெண்கள் சுற்றி உட்கார்ந்து குழந்தையைப் பங்கு போட்டார்கள். மூக்கு பெரியப்பாவுடையது, காது சித்தப்பாவுடையது என்று எல்லாவற்றுக்கும் சொந்தக்காரர் கிடைத்தார். நிறத்துக்கு மட்டும் யாரும் கிடைக்கவில்லை. பிள்ளை அப்பா அம்மா இருவரையும் விடக் கறுப்பு.

“இந்தக் கறுப்பு எங்க வீட்டுலயும் இல்ல, உங்க வீட்டுலயும் இல்ல. பின்ன எங்கேருந்தும்மா வந்துச்சு?” என்றாள் மூத்த நாத்தனார் ஷாத்லியா.

மாமியாரின் பார்வை ஹயாத்தின் மேல் வந்து நின்றது. ஹயாத் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“நிறம் ஒருத்தர்கிட்டேருந்து முழுசா வர்றதில்ல அண்ணி. அவர்கிட்ட கொஞ்சம், என்கிட்ட கொஞ்சம்னு வெளியே தெரியாமக் கிடக்கும். அத்தனையும் ஒரே பிள்ளைகிட்ட போய்ச் சேர்ந்தா இப்படித்தான்.”

“பள்ளிக்கூடத்துப் பாடமெல்லாம் எங்களுக்கு எதுக்கு?”

“சரி, உங்க உயரத்தையே எடுத்துக்குங்க. மாமாவும் குள்ளம், அத்தையும் குள்ளம். நீங்க மட்டும் இந்த வீட்டு ஆம்பளைங்களையே தாண்டி நிக்கிறீங்க. அது யார் கொடுத்தது?”

யாரோ சிரித்தார்கள். மாமியாரின் முகம் சிவந்தது.

“அடுப்புல சோறு என்னாச்சுன்னு போய்ப் பாருடி” என்றாள் மகளிடம்.

ஷாத்லியா எழுந்து அறையை விட்டுப் போனாள்.