கதவுக்கு ஒரு ஆள்

இதை எழுத உட்கார எனக்கு நான்கு வருடம் ஆகிவிட்டது. படிப்பு குறைவு, பத்தாவதும் ஐடிஐயும்தான், அதனால் எழுத வராது என்று வீட்டில் சொல்லிவந்தேன். அது சாக்கு. எங்கள் குழுவில் புதிதாக யாராவது சேரும்போதெல்லாம் என்னைக் காட்டி ஒரு கதை சொல்லிவந்தார்கள். அந்தக் கதையில் நான் நல்லவனாக வருவேன். தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருப்பேன். அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். எத்தனையோ முறை பிள்ளையின் பழைய நோட்டை எடுத்து, மேலே இறைவன் பெயரால் என்று பிஸ்மி மட்டும் எழுதி, மூடி வைத்திருக்கிறேன்.

நான் குளிர்பதன மெக்கானிக். ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை மீனும் இறாலும் வைக்கிற குளிர் அறைகளில்தான் எனக்கு வேலை. பதினேழு வருடம் ஒரு பெரிய கம்பெனியின் சர்வீஸ் பிரிவில் இருந்தேன். ஒருநாள் கூப்பிட்டு, இந்த ஊர் சர்வீஸைக் காண்டிராக்டுக்கு விடப்போகிறோம், வேலை வேண்டுமானால் வேறு மாநிலத்துக்குப் போகலாம் என்றார்கள். பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அல்லாஹ்விடம் துஆ கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்தேன்.

சொந்தமாக வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், டிபன் டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டு என் மனைவி கேட்டாள்.

“கம்பெனியில உள்ள போனா கதவுல ஒரு ஆளு நிப்பாங்கன்னு சொல்லுவீங்களே. இனிமே யாரு நிப்பா?”

“அல்லாஹ் இருக்கான்.”

“அவன் எப்பவும் இருக்கான். நான் கேட்டது கதவுல யாருன்னு.”

அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. குளிர் அறைக்குள் மைனஸ் பதினெட்டு இருக்கும். கதவு என் கை அகலத்துக்குக் கனம். உள்ளே செல்போன் எடுக்காது, கத்தினால் வெளியே கேட்காது. உள்ளிருந்து திறக்க ஒரு குமிழ் வைத்திருப்பார்கள். பல இடங்களில் அது ஐஸ் பிடித்து இறுகிக் கிடக்கும். அதனால்தான் கம்பெனியில் சீட்டு எழுதிக் கையெழுத்து வாங்காமல் யாரும் உள்ளே போக முடியாது. ஒருவர் உள்ளே போனால் இன்னொருவர் கதவிலேயே நிற்க வேண்டும். டீ வந்தாலும் நகரக் கூடாது. அந்தச் சட்டத்தைப் பற்றி அப்போது எவ்வளவு சலித்துக்கொண்டிருப்போம்.

தனியாக வந்த பிறகு என் கதவுக்குக் காவல் என் செருப்பு. உள்ளே போக கம்பூட்ஸ் கொடுப்பார்கள். கழற்றிய செருப்பில் ஒன்றை மடக்கிக் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போவேன். சரக்குக்காரர்களுக்கு அது பிடிக்காது. குளிர் போகுது, கரண்டு ஏறுது என்று சத்தம் போடுவார்கள். உள்ளே ஸ்பேனரைத் திருகிக்கொண்டே ஒரு கண் அந்த இடுக்கில் தெரிகிற வெளிச்சத்தின் மேல் இருக்கும். வாயில் அல்லாஹ்வின் பெயர் திக்ராக ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்தாலும் கழுத்து வலி போகாது.

இந்த பயம் எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். திருவொற்றியூரில் ஒரு இறால் குடோனில்தான் மற்ற இரண்டு பேரைப் பார்த்தேன். ஒருவர் காலடிப்பேட்டைக்காரர், எலெக்ட்ரீஷியன். அவரும் ஒரு கம்பெனியை விட்டு வந்தவர். இன்னொருவர் மணலி புதுநகரிலிருந்து ஸ்கூட்டரில் வருகிற ஒரு அம்மா. ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்த்தவர், இப்போது தனியாகத் தொழிற்சாலைகளின் பாய்லர் தண்ணீர், கூலிங் டவர் தண்ணீர் எல்லாம் எடுத்துச் சோதித்துச் சொல்கிறார். மூவரும் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மா சொன்னார்:

“நேத்து ஒரு டேங்க் மேல ஏறி நிக்கிறேன் பாய், கீழ ஒரு ஈ காக்கா இல்ல. விழுந்தா எப்ப பார்ப்பாங்கன்னு கணக்குப் போட்டேன். திங்கக்கிழமைதான்.”

“அதுக்குத்தான் நான் உள்ள போறதுக்கு மின்னாடி வூட்டுக்கு போன் போட்டு, சாயந்தரம் மீன் இன்னா வாங்கியாறதுன்னு கேட்டுக்குவேன்,” என்றார் எலெக்ட்ரீஷியன். “மீன் வர்லன்னா தேடுவாங்கல்ல.”

சிரித்தோம். அந்த அம்மாதான் செல்போனை எடுத்தார். அங்கேயே எங்கள் குழு ஆரம்பமானது. வேலைக்குப் போகிறவர் இடத்தைச் சொல்லி ‘உள்ளே’ என்று போட வேண்டும், எவ்வளவு நேரம் ஆகும் என்றும் போட வேண்டும். முடிந்ததும் ‘வெளியே’. சொன்ன நேரம் தாண்டினால் மற்றவர்கள் கூப்பிட வேண்டும். எடுக்கவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவர் நேரில் போக வேண்டும்.

மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். வெல்டர், லிப்ட் மெக்கானிக், எடைமேடை சரிபார்ப்பவர் என்று எல்லோரும் கம்பெனியை விட்டு வந்தவர்கள். முதலில் ஒருவரை ஒருவர் நம்பவில்லை. எங்கே வேலை என்று போட்டால் அந்த கஸ்டமரை இன்னொருவர் கொத்திக்கொண்டு போய்விடுவார் என்று பயம். சிலர் தெருப் பெயரை மாற்றிப் போட்டார்கள். தண்ணீர் சோதிக்கிற அம்மா, குழுவில் எல்லோருக்கும் அவர் ‘தண்ணி மேடம்’, ஒருநாள் குரல் செய்தி அனுப்பினார்: “தப்பான தெருவைப் போட்டா, தப்பான தெருவுலதான் உங்களைத் தேடுவோம்.” அதற்குப் பிறகு சரியாகப் போட்டார்கள்.

மாதத்தில் முதல் ஞாயிறு, தண்டையார்பேட்டையில் ஒரு டியூஷன் சென்டர் மாடியில் கூடுவோம். சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முட்டியை மடக்கி உட்கார்ந்து, கொட்டேஷன் எழுதுவது எப்படி, எந்த முதலாளி எப்படி என்றெல்லாம் பேசுவோம். எனக்கு மஞ்சள் காமாலை வந்து படுத்தபோது என் இடங்களை இரண்டு பேர் பார்த்துக்கொண்டார்கள். நான் எழுந்ததும் என் கஸ்டமர்களை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்கள். கம்பெனியில் அப்படி யாரும் செய்து நான் பார்த்ததில்லை.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

ஒருநாள் ராயபுரத்தில் ஒரு வேலை இழுத்துவிட்டது. நேரம் போனது தெரியவில்லை. வெளியே வந்தால் வாசலில் காலடிப்பேட்டைக்காரர் வியர்த்துப்போய் நிற்கிறார். தண்டையார்பேட்டையில் செய்துகொண்டிருந்த வேலையைப் பாதியில் விட்டுவிட்டு ஓடி வந்திருக்கிறார்.

“இன்னா பாய், உசுரோட கீறியா? ஒரு வூட்ல மெயினை ஆஃப் பண்ணிட்டு வந்துகீறேன். அந்தம்மா இருட்ல ஒக்காந்து என்னியத் திட்டிக்கினு இருக்கும்.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அந்த வீட்டுக்காரர்கள் அதற்குப் பிறகு அவரைக் கூப்பிடவே இல்லை என்று பின்னால் தெரிந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னால் ஒருவருக்கு இடைஞ்சல் என்றால் நான் தாங்கமாட்டேன், சிறு வயதிலிருந்தே அப்படி. அடுத்த வேலைக்குப் போனபோது வாசலில் நின்று ‘உள்ளே’ என்று போட்டேன். கையோடு ‘வெளியே’ என்றும் போட்டுவிட்டு உள்ளே போனேன். யாரும் பதறவில்லை, யாரும் ஓடி வரவில்லை. மனது லேசாக இருந்தது. அதற்குப் பிறகு அதுவே பழக்கமானது. ஒருநாள் டீக்கடையில் காலடிப்பேட்டைக்காரரிடம் அதை ஒரு யோசனையாகவே சொன்னேன்.

“ரெண்டையும் முன்னாடியே போட்டுடு. யாருக்கும் பேஜாரு இல்ல.”

“அட, இது நல்லா கீதே பாய்,” என்றார்.

பொய் சொல்வது ஹராம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருகிறவன் நான். அது பொய் என்றே எனக்குத் தோன்றவில்லை.

பிறகு ஒருநாள், சாயங்காலம் அஸர் தொழுகை நேரம். பள்ளிவாசலில் கை கால் கழுவி ஒளு செய்யப் போகுமுன் போனைப் பார்த்தேன். காலடிப்பேட்டைக்காரர் மதியமே அந்தப் பழைய இறால் குடோன் பெயரைப் போட்டு ‘உள்ளே’ என்றும், கீழேயே ‘வெளியே’ என்றும் போட்டிருந்தார். இரண்டும் ஒரே நிமிடம். அதற்குக் கீழே நான்கைந்து பேர் கட்டைவிரலைக் காட்டியிருந்தார்கள். அவருக்கு போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. அரை மணி வேலை என்று போட்டவர் ஒன்றரை மணி நேரமாக உள்ளே இருக்கிறார் என்பது இந்த உலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

உடனே குழுவில் போட்டிருக்க வேண்டும். போட்டால், ‘அவர்தான் வெளியேன்னு சொல்லிட்டாரே, உனக்கு எப்படித் தெரியும்’ என்று கேட்பார்கள். நாங்கள் மூவரும் சேர்ந்து ஆரம்பித்த சட்டத்தை நானே இத்தனை நாள் ஏமாற்றினேன் என்று சொல்ல வேண்டிவரும். விரல் திரையின் மேலேயே நின்றது. அதற்குள் தொழுகை தொடங்குகிறது என்று இகாமத் சொல்லிவிட்டார்கள். அவசரமாக ஒளு செய்துவிட்டு நான் போய் வரிசையில் நின்றேன்.

நான்கு ரக்அத் தொழுகை. ஒன்றும் மனதில் ஏறவில்லை. ஸஜ்தாவில் நெற்றி தரையில் பட்டபோது அந்தத் தரை ஐஸ் மாதிரி சில்லென்றிருந்தது. உயிருக்கு ஆபத்தென்றால் தொழுகையை முறித்துக்கொண்டு போகலாம் என்று எனக்குத் தெரியும். சிறுவயதில் ஓதிய இடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அன்று நான் தொழவில்லை. அல்லாஹ்வின் வீட்டுக்குள் ஒளிந்துகொண்டேன். அவன் மன்னிப்பான் என்று நம்புகிறேன், ஆனால் அது அப்படித்தான் நடந்தது.

ஸலாம் கொடுத்துத் தொழுகை முடிந்ததும் வெளியே ஓடிவந்து தண்ணி மேடத்துக்கு போன் போட்டேன். என்னைவிட அவர்தான் அன்று குடோனுக்குப் பக்கத்தில், திருவொற்றியூரில் இருந்தார்.

“மேடம், அந்த ‘வெளியே’ பொய். அவரு இன்னும் உள்ளதான் இருக்காரு. நான்தான் அப்படிப் போடச் சொல்லிக் கொடுத்தேன்.”

“குடோன்தானே? போறேன். மத்தது அப்புறம்,” என்றார்.

அங்கே நடந்ததை அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். குடோன்காரர், “எலெக்ட்ரீஷியன் அப்பவே போயிட்டாரும்மா” என்றிருக்கிறார். மேடம் கதவுப் பக்கம் போய்ப் பார்த்திருக்கிறார். வாசலில் ஒரு செருப்பு. மடங்கி நசுங்கின இன்னொன்று நாலடி தள்ளி, இறால் கூடைகளுக்கு நடுவே. குளிர் போகிறதே என்று சரக்கு இறக்க வந்தவர் ஒருவர் அதைக் காலால் தள்ளிவிட்டுக் கதவைச் சாத்தியிருக்கிறார்.

“செருப்பு ரெண்டும் இங்கதான கெடக்குது. மனுஷன் மட்டும் நடந்து போனாரா? தொறய்யா,” என்றிருக்கிறார் மேடம்.

திறந்தபோது அவர் கதவோரம் அட்டைப் பெட்டிகளைப் பிய்த்துத் தன்மேல் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தாராம். கையில் ஸ்பேனர். கதவைத் தட்டித் தட்டி, அந்த இரும்பிலேயே விரல்கள் ஒட்டிப்போயிருந்தன.

அல்ஹம்துலில்லாஹ், உயிர் இருந்தது. ஆனால் வலது கையில் இரண்டு விரல் நுனி போய்விட்டது. மெல்லிய ஒயரை முறுக்க அவருக்கு இன்று வரை வராது. எனக்கும் அவருக்கும் நடுவில், நான் போனைப் பார்த்ததிலிருந்து ஸலாம் கொடுத்ததுவரை போன அந்த இருபது நிமிடம் இருக்கிறது. முன்னாலேயே திறந்திருந்தால் விரல் தப்பியிருக்குமா என்று டாக்டரைக் கேட்க எனக்கு தைரியம் வரவில்லை.

அடுத்த கூட்டத்துக்குள் கதை தானாகவே வளர்ந்துவிட்டது. ‘பாய் தொழுதுகினு இருக்கும்போது கடவுள் மனசுல போட்டாரு, எந்திரிச்சு ஓடினாரு.’ நான் மறுக்கவில்லை. மேடம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் குட்டு உடைந்தால் குழுவே உடைந்துவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அன்று ஒரு புதுச் சட்டம் மட்டும் வந்தது. ‘வெளியே’ என்று எழுத்தில் போட்டால் செல்லாது. செருப்பு மாட்டிய இரண்டு காலையும் வெளியே நின்று படம் எடுத்துப் போட வேண்டும். இன்றும் எங்கள் குழுவைத் திறந்தால் முழுக்கக் கால்கள்தான். புதிதாக வருகிறவர்கள் சிரிப்பார்கள்.

போன மாதம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், சிசிடிவி மாட்டுகிறவர், கதையைக் கேட்டுவிட்டு, “அவருதான் வெளியேன்னு போட்டுட்டாரே, அப்புறம் பாய்க்கு எப்படித் தெரிஞ்சுது?” என்றார். “அதான் கடவுள்,” என்றார் வெல்டர். காலடிப்பேட்டைக்காரர் டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டிருந்தார். ஒரு கையால் பிடித்தால் இப்போது வழுக்கும். எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன், தொழுகையில் போய் ஒளிந்தது உட்பட.

காலடிப்பேட்டைக்காரர்தான் முதலில் பேசினார்.

“இன்னா பாய், நான் இன்னா கொழந்தையா? நீ சொன்ன, நான் கேட்டேன். நானும் யாரையும் பேஜாரு பண்ணக்கூடாதுன்னுதான போட்டேன்.” டம்ளரைக் கீழே வைத்தார். “ஆனா இவ்ளோ நாளு சொல்லாதது தப்பு. எனக்காச்சும் சொல்லிருக்கணும். அந்தத் தொழுகை மேட்டரு எனக்கு இன்னிக்குத்தான் தெரியும்.”

அவர் அன்று என்னோடு வண்டியில் வரவில்லை, பஸ்ஸில் போனார்.

தண்ணி மேடம் மட்டும் படியிறங்கும்போது, “நீங்களா சொல்லணும்னுதான் இருந்தேன் பாய்,” என்றார்.

இரண்டு வாரம் கழித்துக் காலடிப்பேட்டைக்காரர் மாத்தூரில் ஒரு வேலைக்குப் போனார். ‘உள்ளே’ என்று வந்தது. நான் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என் மனைவி டீ கொண்டுவந்து வைத்தாள், ஆறிப்போனது. சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் இரண்டு கால் படம் வந்தது. அதன் கீழே எனக்கென்று தனியாக ஒரு வரி: ‘கீறேன் பாய்.’

நான் இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. அந்த விஷயத்தைப் புதியவர்களுக்குச் சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்கள், பழைய மாதிரியே சொல்லிக்கொள்ளலாம் என்று குழுவில் சிலர் பேசுகிறார்கள். எனக்குப் பயம் அங்கேதான். நாளைக்கு வருகிறவர்களிலும் என்னைப் போல யாருக்கும் இடைஞ்சலாக இருக்கக் கூடாது என்று நினைக்கிற ஒருவர் இருப்பார். நேற்றைய கால் படத்தையே எடுத்து இன்றைக்குப் போட்டுவிட்டு உள்ளே போவார். அவருக்கு இது தெரிய வேண்டும்.

படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். தனியாக வேலைக்குப் போகிற யாரை நீங்கள் அறிந்திருந்தாலும் இதை அவரிடம் சேர்த்துவிடுங்கள். ஆனால் எதையும் குறைக்காதீர்கள். அந்தப் பொய்யையும், வரிசையில் போய் நின்ற அந்த நான்கு ரக்அத்தையும், அந்த இரண்டு விரலையும் விட்டுவிடாதீர்கள். ஒருவர் நம்பிக் கொடுத்த பொருளை எங்கள் மார்க்கத்தில் அமானிதம் என்போம். கொடுத்தபடியே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இதை உங்களிடம் அப்படித்தான் கொடுக்கிறேன்.