வெயிலுக்கு ஒளியும் ஹவில்தார்

நிழல் முடிகிற இடத்தில் சமுத்திரம் நின்றுவிடுகிறார். மம்சாபுரம் பேருந்து நிறுத்தத்துக்குப் போய்ச் சேர இன்னும் ஒரு வேப்பமரமும் சோடாக் கடைத் தார்ப்பாயும் பாக்கி. நடுவே வெயில் விரிந்து கிடக்கிறது. கறுப்புக் குடையைப் பிரித்து, முழுக்கைச் சட்டையின் மணிக்கட்டுப் பொத்தானை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, இடது காலை முன்வைத்து, வேப்பமரத்துக்கு ஒரே ஓட்டம். அங்கே செத்த நேரம் மூச்சு வாங்கிவிட்டு அடுத்தது தார்ப்பாய். எதிரியின் கண்ணில் படாமல் முன்னேறும் வித்தையை அவருக்குப் பட்டாளம் கற்றுக்கொடுத்திருக்கிறது. அது அக்னி நட்சத்திரத்துக்கும் பயன்படும் என்று கற்றுக்கொடுத்தவருக்கே தெரிந்திருக்காது.

“என்ன பட்டாளத்தாரே, கறுத்துப் போயிருவம்னு பயமா? எங்கயும் பொண்ணு பாக்கப் போறியளா?” என்று சோடாக் கடை வெள்ளைத்தாய் கேட்கிறாள்.

“டாக்டர் ஆர்டர்க்கா” என்கிறார்.

பொய். டாக்டர்கள் சொன்னது இதற்கு நேர்மாறு. சமுத்திரத்துக்கு சொரியாசிஸ். தோல் தடித்து, வெள்ளைச் செதில் செதிலாக உதிரும், அரிக்கும், சில நாள் வெடித்து ரத்தமும் கசியும். யாருக்கும் ஒட்டாது, ஆனால் அதை நோயின் மேலே எழுதி ஒட்டவா முடியும்? இதற்கு வெயில் நல்லது என்று அவரைப் பார்த்த எல்லா டாக்டர்களும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். எங்கள் பக்கத்தில் வெயிலுக்கு மட்டும் பஞ்சம் வந்ததே இல்லை. காலையில் சட்டையைக் கழற்றிவிட்டு மொட்டைமாடியில் கொஞ்சம் உலாத்தினால் போதும், பாதி நோய் அடங்கிவிடும்.

அங்கேதான் சிக்கல். இந்த மாதக் கடைசியில் அவருக்கு மெடிக்கல் போர்டு; பட்டாளத்து டாக்டர்கள் கூடி, நோய்க்குப் பென்ஷன் தரலாமா என்று பார்ப்பார்கள். அதற்குள் நோய் அடங்கிவிட்டால் ஊனமுற்றோர் பென்ஷன் அடங்கிவிடும். ஆகவே, உடம்பில் ஒரு நோயை வைத்துக்கொண்டு, அதன் மேல் மருந்து பட்டுவிடாமல் குடை பிடித்துக் காப்பாற்றி வருகிற ஒரே மனிதராக நாற்பத்திரண்டு வயதில் நடமாடுகிறார் ஓய்வுபெற்ற ஹவில்தார் சமுத்திரம்.

அவர் உடம்பில் முக்கியமான படைகள் மூன்று. ராணுவ லாரி ஓட்டிய காலத்தில் எந்த எல்லை ஊர்க் குளிரில் எது கிளம்பியதோ, அந்த ஊரின் பெயரையே அதற்கு வைத்திருக்கிறார். வலது முழங்கை தவாங். இடது முழங்கால் லே. முதுகு பூஞ்ச். மனைவி பாண்டிசெல்வி அந்த ஊர்களில் ஒன்றையும் பார்த்ததில்லை. ஆனால் மூன்றின் எல்லைகளும் அவளுக்கு அத்துப்படி. போன வாரம் ராஜபாளையம் போகிற பேருந்தில் இருவரும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டு போனார்கள்.

“லே எப்படி இருக்கு?”

“சுருங்கிக்கிட்டே வருது.”

“தவாங்?”

“அது பரவாயில்ல. அந்தப் பக்கம் இன்னும் விரியுது. பூஞ்சைத்தான் நம்ப முடியல, எந்நேரமும் கைவிட்டுப் போயிரும்.”

பின்சீட்டுக்காரர் எழுந்து வந்து, “அண்ணே, நியூஸ்ல ஒண்ணும் சொல்லலயே, சண்டை வந்துருமா?” என்று கேட்டார். சமுத்திரம் கொஞ்சம் யோசித்து, “போர்டு முடிஞ்சாத்தான் தெரியும்” என்றார். பின்சீட்டுக்காரர் ஏதோ ரகசியம் தெரிந்துகொண்ட முகத்தோடு போய் உட்கார்ந்தார்.

இத்தனை குழப்பத்துக்கும் காரணம் அவருடைய முதல் போர்டு. பட்டாளத்தைவிட்டு வருவதற்கு முன்னால் நடந்தது. அதற்குச் சற்று முன்புதான் லீவில் ஊருக்கு வந்திருந்தார். பாண்டிசெல்வி செண்பகத்தோப்புப் பக்கமிருந்து வெட்பாலை இலை வரவழைத்து, தேங்காய் எண்ணெயில் ஊறப்போட்டு, வெயிலில் வைத்து, அது ஊதா நிறமாக மாறியதும் தினம் இரண்டு வேளை புருஷனைப் பூசி எடுத்தாள். “ஆபீசர் முன்னாடி போயி நிக்கப் போற மனுசன், பளிச்சுன்னு போக வேண்டாமா?” என்பது அவள் கட்சி. அவருக்கும் அதில் மறுப்பில்லை. போர்டு என்றால் அவர் அகராதியில் இன்ஸ்பெக்‌ஷன். லாரியில் துரு இருந்தால் பெயின்ட் அடித்து மறைக்க வேண்டும். கம்பளி கிழிந்திருந்தால் கிழிசல் உள்ளே போகிற மாதிரி மடிக்க வேண்டும். அதே கணக்கில் உடம்பையும் தயார் செய்துகொண்டு, முடிவெட்டி, முகம் மழித்து, கஞ்சி போட்ட உடுப்பில் போய் நின்றார். சட்டையைக் கழற்றச் சொன்ன டாக்டர் முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, “வெரி குட்” என்றார். சமுத்திரம் நெஞ்சை நிமிர்த்தி ஒரு சல்யூட் அடித்துவிட்டு வந்தார்.

அந்த வெரி குட்டுக்கு அர்த்தம் பிறகுதான் வந்தது. நோய் மிகச் சொற்பம், அதுவும் பட்டாளத்தால் வந்ததல்ல, உடல்வாகால் வந்தது, ஊனமுற்றோர் பென்ஷனுக்கு இடமில்லை.

“எங்கம்மைகூட என்னைய வெரி குட்டுன்னு சொன்னதில்ல. அவரு சொன்னாரு, நம்பிட்டேன்” என்பார் இப்போதும். ஆனால் உடல்வாகு என்ற சொல்லை அவரால் விழுங்க முடியவில்லை. “சேரும்போது என்னைய உரிச்சுப் போட்டுல்லா பாத்தாவ! ஒரு தேமல்கூட இல்லன்னு அவியதான் எழுதுனாவ. பொறவு இது எங்கருந்து வந்துச்சு? மம்சாபுரத்துல இருந்து தபால்லயா வந்துச்சு?”

ஊருக்குத் திரும்பி முதல் மார்கழி பிறந்ததும் மூன்று ஊர்களும் ஒரே சமயத்தில் கிளர்ந்தன. புதிதாகக் கைவிரல்களிலும் கிளம்பியது. சத்திரப்பட்டியில் ஒரு பேண்டேஜ் துணி கம்பெனிக்கு செக்யூரிட்டி வேலைக்குப் போனார். முதலாளி மரியாதையான மனிதர். விரல்களைப் பார்த்துவிட்டு நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு நகர்த்தி, “தப்பா நெனைக்காதீங்க. நம்ம துணி ஆஸ்பத்திரிக்குப் போறது” என்றார். புண்ணில் சுற்றுகிற துணிக்குக் காவல் இருக்கக்கூட ஆகாத நோய், அரசாங்கத்தின் கண்ணுக்கு மட்டும் தெரியவில்லை. வேலை கேட்டால் நோயாளி, பென்ஷன் கேட்டால் பயில்வான். இரண்டில் தான் யார் என்று சமுத்திரத்துக்கு இன்றுவரை பிடிபடவில்லை. யாராவது வழியில் பார்த்து “உடம்பு தேவலையா?” என்றால், “தேவலைதான், அதான் கவலையா இருக்கு” என்கிறார். கேட்டவர் அன்று முழுக்க யோசித்துக்கொண்டு திரிகிறார்.

மேல்முறையீடு எழுதிக்கொடுத்தவர் ஞானதுரை. பட்டாளத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ராஜபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் மாஜி ராணுவத்தினருக்கு மனு எழுதித் தருகிறார். மறுபடி போர்டு கூடுகிறது என்று உத்தரவு வந்த அன்றைக்கு அவர் போட்ட கட்டளைகள்தான் இந்தக் குடையும் முழுக்கையும்.

“ஏலே, நோவு இப்பம் இருக்கா இல்லையா?”

“இருக்கு சாப். வெயில் காலம்லா, கொஞ்சம் லீவுல போயிருக்கு.”

“லீவைக் கேன்சல் பண்ணு. எண்ணெயைத் தொடாத. வெயில்ல நிக்காத. போறன்னைக்கு சேவிங் பண்ணாத.”

கடைசிக் கட்டளையில் சமுத்திரம் ஆடிப்போய்விட்டார். “சேவிங் பண்ணாம ஆபீசர் முன்னாடியா? அதுக்கு நான் துணியில்லாமப் போயிருவேன் சாப்.”

“துணியில்லாமத்தாம்ல நிக்கப்போற. தாடியாவது இருக்கட்டும்.”

சமுத்திரம் மெதுவாகக் கேட்டார்: “இது டிராமா இல்லையா சாப்?”

ஞானதுரை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “பூசி மொழுகிக்கிட்டுப் போயி ‘ஒண்ணுமில்ல சாப்’னு நின்ன பாரு, அதாம்ல டிராமா. இப்பம் உண்மையத்தான் காட்டப்போற. ஒனக்கு அது பழக்கமில்ல, அதான் கூசுது.”

பேச்சு நியாயமாகத்தான் இருந்தது. கூச்சம் மட்டும் போகவில்லை.

வீட்டில் குழப்பம் வேறு மாதிரி. புருஷன் குணமானால் வெள்ளியில் கையும் காலும் வாங்கிச் செலுத்துவதாக இருக்கன்குடி மாரியம்மனுக்கு பாண்டிசெல்வி எப்போதோ நேர்ந்துவிட்டாள். ஆத்தாள் இத்தனை வருஷம் காதில் போட்டுக்கொள்ளாமல் இருந்துவிட்டு, இந்தச் சித்திரையில் போய் வேலையை ஆரம்பித்திருக்கிறாள். லே ஒரே வாரத்தில் பாதியானதும் பாண்டிசெல்வி பதறிப் பஸ் ஏறினாள். சந்நிதியில் நின்று, “ஆத்தா, ஒன்னைய வேண்டாம்னு சொல்லல. செத்த பொறுத்துச் செய்யி. போர்டு முடியட்டும்” என்று கேட்டுக்கொண்டாள். குணமாக்கச் சொல்லி வந்தவர்களின் வரிசையில் குணத்தைத் தள்ளிப்போடச் சொன்னவள் அன்றைக்கு அவள் ஒருத்திதான் என்று நினைக்கிறேன்.

ஆத்தாள் கேட்டுக்கொண்டாளா, குடை வேலை செய்ததா, போர்டைப் பற்றிய கவலையே தோலுக்குள் புகுந்துகொண்டதா, தெரியாது. மாதத்தின் பின்பாதியில் நோய் படையெடுத்து வந்தது. தவாங்குக்கும் பூஞ்சுக்கும் இடையே இருந்த நல்ல தோல் காணாமல் போனது. விரல் மடக்க முடியவில்லை. சோற்றைப் பிசையும்போது வெடிப்பில் ரசம் பட்டு எரிந்தது. ஞானதுரை கைபேசியில் இவர் அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு, “பிரமாதம்ல! அப்படியே மெயின்டெயின் பண்ணு” என்றார்.

அன்று மத்தியானம் பாண்டிசெல்வி அடுக்களை மேல்பரணில் ஒளித்து வைத்திருந்த ஊதா எண்ணெய்ப் புட்டியை இறக்கிக்கொண்டு வந்தாள்.

“சட்டையக் கழத்துங்க.”

“ஏட்டி, என்ன பண்ணப் போற?”

“பென்ஷனும் வேண்டாம் ஒரு மண்ணும் வேண்டாம். நான் பீடி சுத்தியாவது கஞ்சி ஊத்துதேன். கண்ணு முன்னால ஒரு மனுசன் தோலுரிஞ்சு நிக்கதை எம்புட்டு நாளு பாக்க?”

எண்ணெய் வாசம் வீடு முழுக்கப் பரவியது. அவர் விரல்கள் தாமாகவே பொத்தானுக்குப் போயின. ஒரு பொத்தான் கழன்றும்விட்டது. பிறகு நிறுத்தினார்.

“பென்ஷன் கெடக்கட்டும் செல்வி. இது நாங்க குடுத்ததுதாம்னு அவிய வாயால ஒருதடவ சொல்லணும். ஒடம்பு வாகாம். எங்கப்பனுக்கு இருந்துச்சா, எங்கம்மைக்கு இருந்துச்சா? பனியில லாரிக்கு அடியில படுத்துக் கெடந்தவன் நானு.”

அவள் புட்டியை மூடினாள். மூடி சரியாகப் பொருந்த வெகு நேரம் ஆனது. புட்டி மறுபடி மேல்பரணுக்கே போனது.

போர்டு வெளியூரில் ஒரு ராணுவ ஆஸ்பத்திரியில். ஸ்ரீவில்லிபுத்தூரில் ரயில் ஏறும்போதே சமுத்திரம் மற்ற எல்லா உத்தரவுகளையும் நிறைவேற்றியிருந்தார், ஒன்றைத் தவிர. முகம் வழவழவென்று இருந்தது. “தாடி மட்டும் முடியல” என்று ஞானதுரைக்குப் போனில் சொன்னார். அந்தப் பக்கம் விழுந்த வசவைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டார்.

பாண்டிசெல்வியை வெளியே பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு இவரை மட்டும் உள்ளே அழைத்தார்கள். இளவயதுப் பெண் டாக்டர், தோளில் மேஜர் பட்டை. கறுப்பு ரெக்சின் போர்த்திய கட்டிலில் உட்காரச் சொன்னார். சட்டையைக் கழற்றினார் சமுத்திரம். அந்தப் பெண் “வெரி குட்” என்று சொல்லவில்லை. முழங்கையைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார். எப்போதிலிருந்து என்று இந்தியில் கேட்டார். சமுத்திரம் ஊர் ஊராகச் சொன்னார். அந்தப் பெண் குறுக்கிடாமல் கேட்டதே அவருக்குப் புதிதாக இருந்தது. எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் பனி, லாரி, மண்ணெண்ணெய் அடுப்பு என்று போய்க்கொண்டே இருந்தார்.

“கர்னல் சாரும் இதை நேரில் பார்க்க வேண்டும். அப்படியே இருங்கள், எதையும் தொடாதீர்கள்” என்று சொல்லிவிட்டு மேஜர் வெளியே போனார்.

அறையில் சமுத்திரம் மட்டும். வராந்தாவின் கோடியில் பூட்ஸ் சத்தம் கேட்டது. கனமான, அவசரமில்லாத சத்தம்; பெரிய ஆபீசரின் நடை என்று அவர் காதுக்குத் தெரியும். சட்டென்று கட்டிலைவிட்டு இறங்கித் திரும்பிப் பார்த்தார். தான் உட்கார்ந்திருந்த இடத்தில், கறுப்பு ரெக்சின் மேல், வெள்ளை வெள்ளையாகத் தன் தோல் உதிர்ந்து கிடந்தது. பூட்ஸ் சத்தம் கதவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. சமுத்திரம் கால்சட்டைப் பையிலிருந்து மடிப்புக் கலையாத கைக்குட்டையை எடுத்து, ரெக்சினை மூலைவரை ஒரு பொட்டு விடாமல் துடைத்து, கைக்குட்டையை உள்பக்கமாக மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு, அட்டென்ஷனில் நின்றார்.