ஜாபர் பாய் தள்ளிய சைக்கிள்

எண்ணூர் கத்திவாக்கத்தில் ஜாபர் பாய் சைக்கிள் கடையைத் தெரியாதவர் கிடையாது. இருபத்தெட்டு வருஷக் கடை. எட்டாக வளைந்துபோன வீலைக்கூடக் கோட்டம் எடுத்து நேராக்கிவிடுவார். வண்டி வருகிற சத்தத்தை வைத்தே எந்த நட்டு லூஸ் என்று சொல்லிவிடுவார். ஒன்றே ஒன்றுதான் அவருக்குத் தெரியாது. சைக்கிள் ஓட்டத் தெரியாது.

சின்ன வயதில் வீட்டில் சைக்கிள் இல்லை. வேலைக்குச் சேர்ந்த கடையில், ரிப்பேருக்கு வந்த வண்டியில் ஏறினால் வேலைச் சீட்டு கிழிந்துவிடும் என்று முதலாளி சொல்லியிருந்தார். ஜாபர் ஏறவில்லை. பிறகு தானே முதலாளி ஆனதும் யாரிடம் போய்க் கற்றுத்தரச் சொல்வது? வெட்கம் பிடுங்கித் தின்றது. யாராவது "ஒரு ரவுண்டு வுட்டுப் பாரு பாய்" என்றால், "உன் வெயிட்டுக்கு செட் பண்ணிக்கீறேன். நான் ஏறுனா செட்டிங் பூடும்" என்பார். அதையும் நம்பினார்கள்.

போன வருஷம்தான் அந்த ஆற்றங்கரைப் பாதை விவகாரம் வந்தது. கொசஸ்தலை ஆற்றோரம், அலையாத்திச் செடிகளை ஒட்டி, நடக்கவும் சைக்கிள் ஓட்டவும் இரண்டு கிலோமீட்டருக்குப் பாதை போட்டிருந்தார்கள். நடக்கிறவர்கள் நடந்தார்கள். சைக்கிள் ஒன்றுகூட வரவில்லை. பாதைக்கு வரைபடம் போட்டவள் யசோதரா, எம்.கே.பி. நகரிலிருந்து வருகிற இளம் இன்ஜினியர். சைக்கிள் ஏன் வரவில்லை என்று கண்டுபிடித்துச் சீர்செய்கிற வேலையும் அவள் தலையிலேயே விழுந்தது. நேராக ஜாபர் கடையில் வந்து நின்றாள்.

"பாய், சைக்கிளப் பத்தி உங்களவிட யாருக்குத் தெரியும்? ஒரு தடவ பாதை முழுக்க ஓட்டிப் பாத்து, எங்கெங்க தப்புன்னு சொல்லுங்க."

முதல் வாக்கியத்திலேயே பாய் விழுந்துவிட்டார். "அதுக்கின்னாம்மா, பண்ட்டா போச்சு" என்று சொன்ன பிறகுதான் இரண்டாவது வாக்கியம் காதில் ஏறியது.

மறுநாள் காலை ஒரு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். தள்ளிக்கொண்டேதான் போனார். எதிரே ஆள் வந்தால் குனிந்து செயினை மாட்டுவதுபோல் பாவனை. அன்றைக்கு மட்டும் அந்தச் செயின் பதினோரு தடவை கழன்றது.

ஆனால் தள்ளுகிறவன் கண்ணுக்கு எதுவும் தப்பாது. மோட்டார் பைக் நுழையக்கூடாது என்று நட்டிருந்த இரும்புக் கம்பங்களுக்கு நடுவே சைக்கிள் ஹேண்டில்பாரும் நுழையவில்லை. மழைநீர்க் கால்வாய் மூடியின் கம்பிகள் பாதை போகிற திசையிலேயே ஓடின. முன்டயர் அதற்குள் இறங்கி மாட்டிக்கொள்ள, பிடுங்கி எடுக்கப் பத்து நிமிஷம் ஆனது. சரிவு தொடங்குகிற இடத்தில் அரை அடிக்கு ஒரு படி. ஓரமெல்லாம் சீமைக்கருவேல முள். ஒவ்வொன்றுக்கும் சாக்பீஸால் வட்டம் போட்டார். முப்பத்தொரு வட்டம்.

கான்ட்ராக்டரின் மேஸ்திரி மாசானம் வட்டங்களைப் பார்த்து வயிறெரிந்தான். "முள்ளெல்லாம் எடுத்துட்டா உன் பஞ்சர் வேல இன்னா ஆவும் பாய்?"

"பாதை நல்லா கீதுன்னா நாலு பேரு சைக்கிள் வாங்குவான். செயினு, பிரேக்குன்னு எங்கிட்டதான் வரணும். வெட்டு நைனா."

யசோதரா அசந்துபோனாள். "எவ்ளோ பொறுமையா ஓட்டிருக்கீங்க பாய்!"

"வேகமா போனா ஒண்ணுந் தெரியாதும்மா" என்றார். அதில் பொய்யில்லை.

மூன்று மாதத்தில் எல்லாம் சரியாயிற்று. திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் யசோதரா வந்து சொன்னாள்: "முதல் வண்டி நீங்கதான் பாய்."

அன்று ராத்திரி மனைவி ஹஃப்சாவிடம் உண்மையைக் கொட்டினார்.

"தினமும் தள்ளிக்கினுதான் வூட்டுக்கு வரீங்க. எனக்குத் தெரியாதா?" என்றாள் அவள். "நாளைக்குக் காலைல மைதானத்துக்கு வாங்க. நான் கத்துத் தரேன்."

"உனக்கு ஓட்டத் தெரியுமா?"

"மீஞ்சூர்ல எங்க அண்ணன் வண்டிய அவன் ஓட்டுனதவிட நான் ஓட்டுனதுதான் ஜாஸ்தி."

"இருபத்தாறு வருஷமா சொல்லவேயில்லயே?"

"நீங்க கேட்டீங்களா?"

ஐந்து நாள் காலையில் பயிற்சி நடந்தது. நாலாம் நாள் பிடிமானமில்லாமல் இருபது அடி போனார். ஐந்தாம் நாளும் அதே இருபது அடி போயிருப்பார். நடுவில் ஒரு குப்பைத்தொட்டி வந்துவிட்டது.

விழாவுக்கு, நடுவில் பார் இல்லாத லேடீஸ் சைக்கிளாகக் கொண்டுபோனார். எந்த நேரமும் குதித்து இறங்கலாம். சிறப்பு விருந்தினர் ரிப்பன் வெட்டினார். கைதட்டல் எழுந்தது. எல்லோர் கண்ணும் பாய் மேல். அவர் யசோதராவை ஓரமாக அழைத்தார்.

"மன்னிச்சுக்கோம்மா. எனக்கு ஓட்டத் தெரியாது."

அவள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எனக்கும் தெரியாது பாய்."

அந்த இரும்புக் கம்பங்கள் ஏன் அப்படி நின்றன என்று பாய்க்கு அப்போதுதான் விளங்கியது. கோபப்படப் பார்த்தார். சிரிப்புதான் வந்தது. இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"பேசி முடிச்சீங்களா?" கூட வந்திருந்த ஹஃப்சா சைக்கிளை வாங்கினாள், பர்தாவைத் தூக்கிச் செருகினாள், ஏறி மிதித்தாள். மைக்கில் "நமது ஜாபர் பாய் அவர்கள் புறப்பட்டுவிட்டார்கள்!" என்று அறிவித்தபோது அவள் வளைவு தாண்டியிருந்தாள்.

திரும்பிவர இருபது நிமிஷம் ஆனது. விருந்தினர் இரண்டு டீ குடித்துவிட்டார். மூச்சு வாங்க வந்து இறங்கியவள் மாசானத்தைத் தேடினாள்.

"பாலத்தாண்ட ஒரு கல்லு ஆடுது. ஓட்டுனாத்தான் தெரியும்."

மாசானம் சாக்பீஸைத் தேடிப் போனான்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பாதையில் ஹஃப்சாவுக்கு இரண்டு மாணவர்கள். யசோதரா ஒரே மாதத்தில் தேறிவிட்டாள். ஜாபர் பாய் நேராக அருமையாகப் போவார். திருப்பம்தான் வராது. பாதை முடிகிற இடத்தில் இறங்கி, சைக்கிளை அலாக்காகத் தூக்கி இந்தப் பக்கம் திருப்பி வைத்து, மறுபடி ஏறிக்கொள்வார்.